அமைதியான பிள்ளையை மேடையில் ஏற்றியே ஆக வேண்டுமா?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அதிகம் பேச மாட்டாள். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை, "படிப்பில் குறையே இல்லை. ஆனால் எதிலும் கலந்துகொள்வதில்லை, தலைமைப் பண்பு வளரணும். அடுத்த மாதம் 'சமூகத்துக்கு நான் செய்தது' என்ற தலைப்பில் பிள்ளைகள் மேடையில் பேசுகிறார்கள். அவளையும் தயார்படுத்துங்கள்" என்றார்.

அதே நாளில் ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார். "உங்க பொண்ணுதான் தினமும் எங்க பையனுக்குத் தண்ணி பிடிச்சுக் கொடுக்கிறாளாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்ததில், பள்ளியின் குடிநீர்க் குழாய் பெரிய பிள்ளைகள் உயரத்துக்கு இருக்கிறது. சின்னவர்களுக்குக் கை எட்டாது. எக்கிப் பிடித்தால் தண்ணீர் கையோடு வழிந்து சட்டை முழுக்க நனைகிறது. இவள் இடைவேளை மணி அடித்ததும் நேராக அங்கே போய் நின்று, ஒவ்வொருவரின் பாட்டிலாக வாங்கி, நிரப்பி, மூடியைத் திருகிக் கொடுத்து அனுப்புகிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டதற்கு, "அவங்களுக்கு எட்டலம்மா" என்றாள். அவ்வளவுதான்.

என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் தண்ணீர் பிடிப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்கிறார். இதையே மேடையில் பேசினால் சைக்கிள் வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டார். மேடை என்றதுமே அவள் முகம் மாறிவிட்டது, ராத்திரி சாப்பிடவில்லை.

அவள் அவளாகவே இருக்கட்டும் என்று விடுவதா? இல்லை, இப்போது தள்ளிவிட்டால்தான் பின்னால் தைரியம் வருமா? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால்தான் கேட்கிறேன்.

கரும்பலகை

சகோதரி, நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அந்த சைக்கிள் விஷயம். தயவுசெய்து அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் வேறொரு சமயம், வேறொரு காரணத்துக்கு வாங்கிக் கொடுங்கள்.

காரணத்தோடுதான் சொல்கிறேன். 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மழலையர் பள்ளியில், படம் வரைவதைத் தானாகவே விரும்பும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, எந்தப் பரிசும் இல்லாமல் பேனாவையும் தாளையும் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், மற்ற இரு பிரிவினர் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். முன்பு ஆசையாகச் செய்த காரியம் அவர்களுக்குக் கூலி வேலை ஆகிவிட்டது.

உதவி செய்வதிலும் இதே கதைதான். வார்னெகன், டொமசெல்லோ இருவரும் 2008-ல் இருபது மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் கைதவறிப் போட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதற்குப் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் முன்போல் உதவவில்லை. வெறும் நன்றி வார்த்தை மட்டும் கிடைத்தவர்களும் எதுவுமே பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள்.

அதற்காகப் பிள்ளையிடம் எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "அந்தப் பையன் இப்பல்லாம் சட்டை நனையாம வீட்டுக்கு வரானாம், அவங்க அம்மா சொன்னாங்க" என்று சொன்னால் போதும். தன் கையால் எது மாறியது என்று அவளுக்குத் தெரியட்டும்.

இன்னொன்றும் சொல்லணும். கை தூக்குகிற பிள்ளையைத்தான் ஆசிரியர்கள் "கலந்துகொள்கிறது" என்று குறிப்போம். இடைவேளையில் குழாயடியில் யார் நிற்கிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டோம். வகுப்பாசிரியைக்கு இது தெரியாமலேகூட இருக்கலாம். நீங்கள் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நேர்வழி

எல்லோரும் சொல்வதற்கு மாறாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'உன் இயல்புப்படி இரு' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? சின்ன வயதில் எனக்கும் நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பா விடாமல் பேச்சுப் போட்டிகளுக்கு அனுப்பினார். அன்று அவர் மேல் கோபம். இன்று என் பிழைப்பே பேச்சில்தான் நடக்கிறது. வாய் திறக்காதவர்களின் உழைப்பை வேறொருவர் தன் பெயரில் எழுதிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் மகனுக்குப் பதினொரு வயது. விளையாட்டில் தோற்றால் கூட இருப்பவனைத் தள்ளிவிடுவான். கேட்டால் "நான் இப்படித்தான்" என்கிறான். அவனும் அவனாகவே இருக்கட்டும் என்று நான் விட்டுவிடலாமா? இதற்கு யாராவது நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

இடக்கைக்காரன்

நான் முயற்சி செய்கிறேன், நண்பரே.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஒன்றாம் வகுப்பில் இடது கையில் பென்சிலைப் பிடித்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். ஆகவே வலது கையில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது, அதற்கும் அடி. வகுப்பில் கடைசியாக எழுதி முடிப்பவன் நான்தான், மந்தம் என்று பெயர் வாங்கினேன். பள்ளி மாறிய பிறகு ஓர் ஆசிரியர், "எந்தக் கையில வேணும்னாலும் எழுது, ஆனா தெளிவா எழுது" என்றார். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு வரிதான். கை என்னுடையது, அதில் அவர் தலையிடவில்லை. எழுத்தை அடுத்தவர் படித்தாக வேண்டும், அதில் அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

உங்கள் மகனுக்குத் தோல்வி சுருக்கென்று தைப்பது அவன் சுபாவம். அதைத் திட்டி மாற்ற முடியாது. தள்ளிவிடுவது நடத்தை. அதற்கு உறுதியாக 'கூடாது' சொல்லியே ஆக வேண்டும். "உனக்குக் கோபம் வரும், தெரியும். வந்தா மைதானத்தை விட்டு வெளியே போய் நின்னுட்டு வா. ஆள் மேல கை வைக்கக் கூடாது" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற தம்பதியர் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கி, கைக்குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சில குழந்தைகள் புதிய ஆளையும் புதிய இடத்தையும் கண்டால் முதலில் பின்வாங்கி, மெதுவாகத்தான் ஒட்டுகிறார்கள். சில குழந்தைகளுக்கு எதற்கும் ஆவேசம். இது பெற்றோர் வளர்ப்பில் வந்த குறை இல்லை. ஆனால் அந்தக் குழந்தை எப்படி வளர்கிறது என்பது, அதன் சுபாவத்துக்கும் சுற்றியிருப்பவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது என்றார்கள். நிலாமுற்றம் அம்மாவின் மகள் மெதுவாக ஒட்டும் பிள்ளை என்று தோன்றுகிறது. நேரம் கொடுத்தால் வருவாள். ஒரு மாதத்தில் மேடை என்பது அவளுக்கு நேரமே இல்லை.

மின்மினி

அமைதியான பிள்ளைகளால் எதுவும் செய்ய முடியாது என்று யார் சொன்னது? பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்லைப் பாருங்கள். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விபத்து, பிறகு இரண்டு கண்ணும் போயிற்று. சார்ல் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு தொடு எழுத்து முறையை உருவாக்கியிருந்தார். ஒரு விரல் நுனிக்குள் அத்தனை புள்ளியும் அடங்காது. பிரெய்ல் அதைத் தடவித் தடவிப் பார்த்து, ஆறு புள்ளியாகக் குறைத்து, 1824-ல் பதினைந்து வயதில் தன் முறைக்கு உருவம் கொடுத்துவிட்டார். மேடை ஏறி எதுவும் பேசவில்லை. தனக்கு எது எட்டவில்லையோ அதை எட்ட வைத்தார், அது எல்லோருக்கும் ஆயிற்று.

கிரேட்டா துன்பர்க் 2018 ஆகஸ்டில் காலநிலை மாற்றத்துக்கு எதிராக ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு பதாகையோடு உட்கார்ந்தபோதும் பதினைந்து வயதுதான். முதல் நாள் தனி ஆள்.

கரும்பலகை

மின்மினி, பிரெய்ல் பற்றிச் சொன்னது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் இந்தப் பெயர்களைப் பிள்ளைகள் முன்னால் அளவுகோலாக நீட்டிவிடக் கூடாது. "அவங்க உன் வயசுல உலகத்தையே மாத்தினாங்க" என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு, ஆறு பாட்டில் தண்ணீர் நிரப்பியது ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிடும். அல்லது உலகத்தின் கஷ்டமெல்லாம் தன் தலையில் என்று தூக்கம் கெடும். சூழல் கெடுகிறது, போர் நடக்கிறது என்று செய்தியில் பார்த்துவிட்டு ராத்திரி அழுத பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவற்றைச் சரிசெய்வது பெரியவர்கள் கடமை என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தொடுவானம்

நான் ஒரு சிறுவர் வாசிப்புக் குழுவை நடத்துகிறேன். இந்த இழையில் அந்தப் புகைப்படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் யுனிசெஃப் அமைப்புக்காக ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளைகள் ஒரு காரியத்தில் எந்த அளவுக்கு உண்மையாகப் பங்கெடுக்கிறார்கள் என்பதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கெடுப்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியவர்கள் தங்கள் கருத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது ஒன்று. எதற்கென்றே தெரியாமல் வாசகம் எழுதிய சட்டையைப் போட்டு நிறுத்துவது இன்னொன்று. பேச்சுக்குக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் சொன்னதால் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது மூன்றாவது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். அவள் குழாயடியில் செய்தது முழுக்க முழுக்க அவளுடையது. தானே கண்டுபிடித்தாள், தானே முடிவெடுத்தாள். அதைப் படம் பிடித்துப் போட்டு, அப்பா எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்ய வைத்தால், மேல் படியில் இருந்த பிள்ளையைக் கீழே இறக்கி நிறுத்துவதாக ஆகும். படத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் யாரும் சம்மதம் கேட்கப் போவதில்லை. மறுநாள் அவள் குழாயடிக்குப் போகும்போது நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்போடுதான் போவாள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் படத்தை எடுக்கவே மாட்டேன்.

முடிவைப் பிள்ளைகள் கையில் உண்மையாகக் கொடுத்தவர் என்று நான் மதிப்பவர் யானுஷ் கோர்ச்சாக். போலந்தின் வார்சாவில் அனாதையான யூதப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. ஊழியர்கள் மீதும் வழக்குப் போடலாம், அவர் மீதே போட்டிருக்கிறார்கள், அவரும் போய் நின்றிருக்கிறார். 1926-ல் பிள்ளைகளே எழுதும் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தான் மட்டும் தப்ப மறுத்து அவர்களோடு போனார். சின்னவர்களை மதிப்பது என்றால் என்னவென்று யாராவது கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

நேர்வழி

இடக்கைக்காரன், உங்கள் பதிலுக்கு நன்றி. சுபாவம் வேறு, நடத்தை வேறு என்பது எனக்குப் பயன்படும். இன்று மாலையே அவனிடம் பேசுகிறேன்.

ஆனால் மகள் விஷயத்தில் என் கேள்வி இன்னும் தீரவில்லை. அவள் தினமும் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறாள், நல்லது. அவளுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால்? அடுத்த ஆண்டு அவள் வகுப்பு வேறு கட்டடத்துக்கு மாறினால்? குழாய் அதே உயரத்தில்தான் இருக்கும். குழாயைத் தாழ்த்தி வையுங்கள் என்று யாராவது வாய் திறந்து கேட்டால்தானே நிரந்தரமாகத் தீரும்? பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

தொடுவானம்

நேர்வழி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இரக்கம் இருக்கிற பிள்ளைக்கு, அதற்கு அடுத்து ஒரு படி உண்டு என்று காட்டுவது நம் வேலை.

ஆனால் கேட்பதற்கு மேடை எதற்கு? 1989-ல் ஐநா பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பும் கொடுக்கச் சொல்கிறது. அடுத்த உறுப்புரை, பேச்சு, எழுத்து, ஓவியம் என்று பிள்ளை தேர்ந்தெடுக்கும் எந்த வழியிலும் சொல்லலாம் என்கிறது. கடிதம் எழுதலாம், படம் வரையலாம், தோழியோடு போய்த் தலைமை ஆசிரியரைப் பார்க்கலாம்.

நிலாமுற்றம், அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ லீவு போடுற அன்னைக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். யோசனையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நிலாமுற்றம்

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணவரிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். லெப்பர் ஆய்வைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை படித்தார். படம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சைக்கிள் பேச்சையும் விட்டுவிட்டார்.

தொடுவானம் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "தெரியல" என்றாள். மறுநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வாயில் நுரையோடு வந்து, "அம்மா, ஸ்கேல் எவ்வளவு நீளம்?" என்றாள். பிறகுதான் தெரிந்தது. அவளும் இன்னொரு பெண்ணும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுவர் ஓரமாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் அந்தப் பிள்ளையின் பெயர். அப்புறம் ஸ்கேலை வைத்து அளந்து, நோட்டில் படம் வரைந்து, எல்லாவற்றிலும் தாழ்ந்த கோட்டைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தாள். "எல்லாரையும் விடக் குட்டிக்கு எட்டினா எல்லாருக்கும் எட்டும்ல?" என்றாள். அவள் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வகுப்பாசிரியையைத் தனியாகப் பார்த்தேன். கரும்பலகை அம்மா சொன்னது சரிதான், அவருக்குக் குழாயடி விஷயமே தெரியவில்லை. மேடைப் பேச்சுக்குப் பதிலாக அந்தப் படத்தை ஒட்டி வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அதோடு, இரண்டு பெண்களையும் தலைமை ஆசிரியையிடம் அழைத்துப் போனார். தோழிதான் பேசினாளாம். இவள் நோட்டை விரித்துக் காட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறாள்.

"பார்க்கலாம்" என்றாராம் தலைமை ஆசிரியை. இரண்டு வாரம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. தினமும் "எப்போம்மா மாத்துவாங்க?" என்று கேட்கிறாள். கேட்டும் பயனில்லை என்று இந்த வயதிலேயே மனசு விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நானே போய்ப் பேசி முடித்துவிடட்டுமா?

இடக்கைக்காரன்

எல்லோரையும் விடக் குட்டிக்கு எட்டினால் எல்லோருக்கும் எட்டும்! கட்டடம் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய வாக்கியம்.

நேர்வழி

அம்மா, பேசியது தோழிதான் என்றாலும், அந்த அறைக்குள் விஷயம் தெரிந்து நின்றவள் உங்கள் மகள். இதற்குக் காரியம் தெரிந்த ஆள் என்று பெயர். பேச்சுப் பயிற்சி பிறகு வரட்டும், அவள் கேட்கும்போது வரட்டும். அப்பா அனுப்பிய போட்டிகளால் எனக்குப் பேச வந்தது, சொல்வதற்கு விஷயம் இருந்ததில்லை.

என் மகன் நேற்றும் கோபப்பட்டான். ஆனால் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று, வந்தான்.

கரும்பலகை

நீங்கள் போய் முடித்துவிட வேண்டாம், சகோதரி. ஆனால் அவளைத் தனியாகவும் விட வேண்டாம்.

"பார்க்கலாம்" என்ற பதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைத்தான் நாம் விளக்க வேண்டும். குழாயை மாற்ற யாருடைய அனுமதி வேண்டும், பணம் எங்கிருந்து வரும், வேலை ஆள் எப்போது வர முடியும் என்பதை நீங்கள் பள்ளி அலுவலகத்தில் விசாரித்து, அவளிடம் அப்படியே சொல்லுங்கள். தாமதம் என்றால் தாமதம் என்றே சொல்லுங்கள், சீக்கிரம் ஆகிவிடும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம்.

அடுத்து, இரண்டு பெண்களும் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதட்டும். நாங்கள் அளந்து கொடுத்தோம், எப்போது பதில் கிடைக்கும், அதுவரை குழாய்க்குக் கீழே ஆடாத ஒரு படிப்பலகை போட முடியுமா, இவ்வளவு போதும். படிப்பலகை ஒரே நாளில் நடக்கக்கூடியது, அனேகமாக மறுக்க மாட்டார்கள். கடிதத்தில் தேதி போடச் சொல்லுங்கள், ஒரு நகலை அவளே வைத்துக்கொள்ளட்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள்.

நிலாமுற்றம்

அலுவலகத்தில் இன்று விசாரித்தேன். பராமரிப்பு வேலைகளையெல்லாம் விடுமுறையில்தான் செய்வார்களாம், இந்தக் குழாய் இன்னும் பட்டியலில் ஏறவே இல்லையாம். அவளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பட்டியல யாரு எழுதுவாங்க?" என்று கேட்டாள். நாளைக்குக் கடிதம் அந்த ஆளின் பெயருக்கே போகிறது.